சோளம் செழித்த மூலை

ஹனோவர்
22 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய சுலோஜனா அக்காவுக்கு,

வணக்கம். என் பெயர் யாமினி. சொந்த ஊர் நீலகிரியில் கூடலூர் பக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் ஆய்வாளராக இருக்கிறேன். உங்கள் முகவரியைக் கொலோன் சியாமளா அக்கா கொடுத்தார். பொங்கல் விழாவில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்க ஆள் கிடைக்காமல் அலைவதாகச் சொன்னேன். "எசன்ல எங்கட சுலோஜனா இருக்கிறா. ஜெர்மன்காரருக்கே அவதான் வாசிச்சுக் குடுக்கிறவ" என்றார். முதலில் நம்பவில்லை. அதற்காக மன்னிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். 1871இல் நீன்பூர்க் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மார்கரேட்டா என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் தன் கணவன் ஹின்ரிச்சோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். நெப்ராஸ்கா என்ற புல்வெளிப் பிரதேசத்தில் குடியேறினார்கள். அந்தக் காலத்தில் மேற்கே போய் நிலம் பிடித்த லட்சக்கணக்கானவர்களில் அவர்களும் இருவர். அங்கிருந்து ஊரில் இருந்த தங்கை டோரிஸுக்கு மார்கரேட்டா எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. டோரிஸின் கொள்ளுப்பேத்தி திருமதி டீக்மான் இப்போது அதே பண்ணையில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார். வயது எழுபத்தொன்று. குடும்பத்தில் யாருக்கும் அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது.

செப்டம்பர் 8ஆம் தேதி அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் இந்தக் கடிதங்களை வைத்து ஒரு கண்காட்சி. என் பொறுப்பு. உங்களால் இவற்றைப் படியெடுத்துத் தர முடியுமா? திருமதி டீக்மானிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது, மெயிலில் அனுப்பக் கூடாது, காகிதத்தில் ஒரே ஒரு நகல்தான். அதனால் எல்லாமே தபாலில்தான். முதல் பத்துக் கடிதங்களை இத்துடன் வைக்கிறேன். விருப்பமில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.

அன்புடன்,
யாமினி


எசன்
3 பெப்ரவரி 2024

அன்புள்ள யாமினிக்கு,

கடிதம் கிடைத்தது. தமிழில் ஒரு கடிதம் தபாற்பெட்டிக்குள் வந்து பத்து வருடம் இருக்கும். எங்களுக்கு வாறதெல்லாம் ரெஹ்னுங் என்று பில்லும் அன்ட்ராக் என்று விண்ணப்பப் படிவமும்தானே.

சியாமளா எப்போதும் கூட்டித்தான் சொல்லுவா. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், இருபத்தாறு வருடமாக. அங்கே இருப்பவர்களின் மேசை லாச்சிகளில் தாயின் சமையல் குறிப்பு, தகப்பன் போர்முனையில் இருந்து எழுதியது என்று ஏதாவது இருக்கும். அவர்களுக்குக் கண் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மாலை வகுப்பில் எட்டுக் கிழமை படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் கறுப்பி. வாத்தியார் முதல் நாள், "நீங்கள் வகுப்பு மாறி வந்துவிட்டீர்கள்போல" என்றார். கடைசி நாள் சோதனையில் எனக்குத்தான் முதலிடம்.

உங்கள் மார்கரேட்டாவின் எழுத்து லேசில்லை. அந்தக் காலத்து 'ஈ' பார்க்க 'என்' மாதிரியே இருக்கும். இவ அவசரத்தில் இரண்டையும் ஒரே கோடாக இழுத்துவிடுகிறா. ஆனால் மூன்றாவது கடிதத்தோடு ஆள் பிடிபட்டுவிட்டா. வீடு கட்ட மரமில்லையாம். புல்லை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர். கூரையும் மண்தான். மழை பெய்தால் வெளியே ஒரு நாள், உள்ளே இரண்டு நாள் என்று எழுதுகிறா. சமைக்கும்போது கூரையில் இருந்து பாம்பு விழுந்ததாம், அதனால் படுக்கைச் சீலையைக் கூரைக்குக் கீழே கட்டியிருக்கிறா. எரிக்க விறகு இல்லை, காய்ந்த சாணி. "டோரிஸ், முதலில் இரண்டு விரலால் எடுத்தேன், பிறகு கையுறை போட்டு எடுத்தேன், இப்போது எடுத்த கையோடு ரொட்டி மாவைப் பிசைகிறேன்" என்கிறா. நான் வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். "ஐந்து வருடம் இருந்தால் நிலம் எங்களுக்கு" என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறா. யார் கொடுப்பது? அது யாருடைய நிலம்?

பத்தும் முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மிச்சத்தையும் அனுப்புங்கோ.

அன்புடன்,
சுலோஜனா


ஹனோவர்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

பத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். ஆபீஸில் சாணி விஷயத்தைச் சொன்னபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில். 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. நூற்றறுபது ஏக்கர் வரை பதிந்துகொள்ளலாம். அங்கேயே வீடு கட்டி, ஐந்து வருடம் பயிர் செய்து காட்டினால் பட்டா. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும், குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தால், பதியலாம். யாருடைய நிலம் என்று கேட்டீர்கள். அந்த ஆற்றோரத்தில் பௌனி என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். அவர்களும் சோளம் விளைவித்தவர்கள். ஒப்பந்தங்கள் போட்டுப் போட்டு அவர்கள் நிலத்தைச் சுருக்கி, 1875 வாக்கில் மீதி இருந்தவர்களையும் தெற்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் கண்காட்சியின் முதல் பலகைக்கு அருங்காட்சியகம் கொடுத்திருக்கும் தலைப்பு "ஆளில்லாப் புல்வெளி". அதை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "கடிதங்களில் அவர்களைப் பற்றி ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றுவோம்" என்கிறார்கள். அதனால் அப்படி எந்த வரி வந்தாலும் எனக்கு முக்கியம்.

என் கான்ட்ராக்டும் செப்டம்பரோடு முடிகிறது. இந்தக் கண்காட்சி நன்றாக வந்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் விசாவும் சேர்ந்து போகும். இதை உங்களை அவசரப்படுத்தச் சொல்லவில்லை.

மீதி முப்பத்தொன்றும் இத்துடன். நான் எண்ணி மட்டும் வைத்தேன். எனக்கு அது கோழி கிளறிய மண் மாதிரிதான் தெரிகிறது.

அன்புடன்,
யாமினி


எசன்
10 மார்ச் 2024

அன்புள்ள யாமினி,

இந்த மூன்று கிழமையும் நான் எசனில் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு மேசையில் இருந்தால் நெப்ராஸ்காதான். உமக்கு முதலில் சந்தோஷமானதைச் சொல்கிறேன். பதினாறாவது கடிதத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, டோரிஸின் பெயரையே வைத்திருக்கிறா.

ஆனால் அதற்கு முன்னம் ஒன்றை இழந்தவ. ஒன்பதாவது கடிதத்தில் நீரும் வாசித்திருப்பீர், போன தடவை அதைப் பற்றி உமக்கு எழுத மனம் வரவில்லை. முதல் பனிக்காலத்தில் பிறந்த ஆண் குழந்தை பதினொரு நாள் இருந்ததாம். ஹின்ரிச் ஆற்றங்கரை மரத்தடியில் புதைத்து, சுற்றிவரக் கம்புவேலி போட்டிருக்கிறார். நிலம் உறைந்து கிடந்ததால் கோடரியால் வெட்டினாராம்.

1874இல் வெட்டுக்கிளி. வானம் இருண்டதாம், மழை என்று நினைத்து உடுப்பு எடுக்க ஓடினாவாம். பிறகு அது தரையில் இறங்கியது. தோட்டத்தைக் காப்பாற்றப் படுக்கை விரிப்புகளை எல்லாம் கொண்டுபோய்ப் போர்த்தினா. விரிப்பைத் தின்றுவிட்டுப் பிறகு பயிரைத் தின்றதாம். மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்ததாம், வியர்வை உப்புக்கு. பக்கத்து நிலக்காரர் எல்லாம் வண்டி கட்டிக் கிழக்கே திரும்பிவிட்டார்கள். இவ என்ன எழுதுகிறா தெரியுமா? "எங்களைத் தின்னவில்லை. ஆகவே இருக்கிறோம்."

நான் இந்தப் பெண்ணை வேலையிடத்திலும் நினைக்கிறேன். நேற்று எங்கள் இல்லத்தில் ஜசிந்தா என்ற பெண், புதிதாக அவுஸ்பில்டுங் என்று வேலைப் பயிற்சி செய்கிறவள், கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டே அழுதாள். வேலை மிகவும் கூட, தன்னால் ஏலாது என்றாள். நான் அவளுக்கு வெட்டுக்கிளிக் கதை சொன்னேன். "அக்கா, அவ உங்கட சொந்தமோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இருபது வரை இதில் வைக்கிறேன். பௌனி ஆட்களைப் பற்றி இதுவரை இரண்டு வரிதான். ஆற்றைக் கடந்து வரிசையாகப் போனதைத் தூரத்தில் நின்று பார்த்தாவாம், பெண்கள் முதுகில் சாமான், நாய்களும் கூடப் போனதாம்.

அன்புடன்,
சுலோஜனா


ஹனோவர்
18 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

"நீர்", "உமக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படி நாடகத்து ராஜாதான் மந்திரியைக் கூப்பிடுவார். சியாமளா அக்காவிடம் போனில் கேட்டேன். "அவ உம்மோட நல்லா ஒட்டிட்டா எண்டு அர்த்தம்" என்றார். அப்படியென்றால் அப்படியே கூப்பிடுங்கள்.

திருமதி டீக்மானிடம் படுக்கை விரிப்புக் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே போய், டோரிஸ் காலத்து லினன் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தடவிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டுக்கு உங்களால்தான் மார்கரேட்டா திரும்பி வந்திருக்கிறார்.

ஆற்றைக் கடந்த அந்த இரண்டு வரிக்கும் நன்றி. அதை மட்டும் வைத்து முதல் பலகையை மாற்ற விட மாட்டார்கள். இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
யாமினி


எசன்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள யாமினி,

இத்துடன் 21 முதல் 41 வரை. 23ஆவது கடிதத்தில் தண்ணீர் பட்டிருக்கிறது, வாசிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் சரி.

பௌனி ஆட்களைப் பற்றி வேறு ஒன்றும் இல்லை.

வேலை கூட. சுருக்கமாக எழுதுகிறேன்.

சுலோஜனா


ஹனோவர்
29 ஏப்ரல் 2024

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே கேட்கிறேன்.

கண்ணாடிப் பேழைக்கு அளவெடுக்க வெள்ளிக்கிழமை பண்ணைக்குப் போனேன். மூலக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். 23ஆவது கடிதம் நான்கு பக்கம். அதில் ஒரு துளித் தண்ணீர்கூடப் படவில்லை. நாற்பத்தொன்றிலும் அதுதான் மிகச் சுத்தமானது. எழுத்துகூட நிதானமாக, இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கிறது. எனக்கே நான்கு சொல் புரிந்தது. அதில் ஒன்று 'பௌனி'.

நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். வாசித்துவிட்டு மறைத்திருக்கிறீர்கள். மார்கரேட்டாவைப் பற்றி யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்றா? அதைத் தீர்மானிக்க நீங்கள் யார் அக்கா? ஒரு கடிதத்தை ஒளித்தால் மற்ற நாற்பதும் பொய்யாகிவிடும். அதில் என் பெயர் இருக்கிறது, என் வேலை இருக்கிறது. திருமதி டீக்மான் என் முகத்தைப் பார்த்து, "படியெடுத்த அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு? இத ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். தபாலில் நகல் நனைந்திருக்கலாம் என்று சொன்னேன். உங்களுக்காக நானும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

யாமினி


எசன்
4 மே 2024

யாமினி,

எல்லா நகலும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 23ஆவதும் இருக்கிறது. வேறு ஆளைப் பிடியுங்கோ. எனக்கு ஏலாது.

உங்கள் விசாவுக்கு என்னால் கெடுதல் வரக் கூடாது. நீங்கள் எழுதியது சரி. ஆனால் நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்குத் தெரியாது.

சுலோஜனா


ஹனோவர்
26 மே 2024

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். "உங்கள்" என்று மாறிவிட்டீர்கள். "உமக்கு" போய்விட்டது. அது எனக்கு இவ்வளவு உறைக்கும் என்று நினைக்கவில்லை.

இன்னொருவரிடம் கொடுக்கலாம். கீல் நகரில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் இருக்கிறார், ஒரே நாளில் முடித்துவிடுவார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். முதல் வரி வந்தது. "டோரிஸ், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே." அதோடு நிறுத்திவிட்டேன். மீதியை நீங்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் யார் என்று கேட்டேன். அது தப்பு. அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தாத்தா சமவெளியிலிருந்து மலை ஏறி வந்தவர். காடு வெட்டித் தோட்டம் போட்டார். எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள்: "நாம வந்தப்ப அங்க யாருமே இல்ல. வெறும் காடு." சின்ன வயசில் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பெண் ஒருத்தி எனக்கு ஒரு பலா மரத்தைக் காட்டி, "இது எங்க பாட்டன் வெச்சது" என்றாள். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அவ ஏதாவது சொல்லுவா, நீ போய்ப் படி" என்றார். படித்தேன். படித்துப் படித்து ஜெர்மனி வரைக்கும் வந்து, அமெரிக்காவில் யார் நிலத்தை யார் எடுத்தார்கள் என்று ஆராய்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை.

நகலை மறுபடி அனுப்புகிறேன், 23ஐ மட்டும். முடியாது என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் போகாது. அருங்காட்சியகத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது என் பாடு.

யாமினி


எசன்
9 ஜூன் 2024

அன்புள்ள யாமினி,

உமது கடிதத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு விடுப்பு எடுத்து, பால்டனை ஏரிக்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன்.

முதலில் கடிதம். திகதி செப்டம்பர் 1877. நீர் எழுத்துக்கூட்டிய முதல் வரிக்குப் பிறகு, ஐந்து மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இப்படி எழுதுகிறா:

"ஏப்ரலில் ஒரு பௌனிப் பெண் வந்தாள். தெற்கே அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி, எவ்வளவு தூரம் நடந்தாளோ தெரியாது. கூட ஒரு சிறுமி. எங்கள் வயலின் வடக்கு மூலையில் ஒரு சிறு மண்மேடு இருந்தது, ஹின்ரிச் உழாமல் விட்டிருந்தார். அவள் அதன் அருகே போய் இருந்தாள். வயிற்றில் கை வைத்தாள், பிறகு மேட்டில் கை வைத்தாள். எனக்கு விளங்கியது. எனக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்? பாலும் ரொட்டியும் கொடுத்தேன். என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். ஹின்ரிச்சிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் மாடு பூட்டி மேட்டை உழுதுவிட்டார். மேடு இருந்தால் வந்துகொண்டே இருப்பார்கள், பிறகு நிலம் யாருடையது என்று பேச்சு வரும் என்றார். நான் வாசலில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருடம் வேறெங்கும் இல்லாத மாதிரி அந்த மூலையில் சோளம் செழித்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை."

அவ்வளவுதான். நாலு பக்கம் என்றாலும் மிச்சம் மாடு கன்று பற்றித்தான். ஜெர்மன் படியை வேறாக வைத்திருக்கிறேன், ஒரு சொல்லும் விடவில்லை.

இப்போது நான் யார் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் முல்லைத்தீவுப் பக்கம். 1984இல் எனக்குப் பதினாறு வயது. ஆமிக்காரர் ஒலிபெருக்கியோடு வந்து, ஊரை விட்டு எழும்பச் சொன்னார்கள். நெல்லு அறுக்காமல் நின்றது. பிறகு அரசாங்கம் அங்கே வேறு இடத்து ஆட்களைக் கொண்டுவந்து, நிலம் கொடுத்துக் குடியிருத்தியது. ஊருக்கு இப்போது வேறு பெயர். 2003இல் சண்டை நின்றிருந்த நேரம் அப்பா அங்கே போனார். எனக்கு இங்கே போன் எடுத்தார்.

"வீடு நிக்குதம்மா. உள்ளுக்கு ஒரு பொம்பிளை இருக்கிறா, கைப்பிள்ளையோட. நான் ஆரெண்டு சொன்னன். கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தவ. அழுதவ. நல்ல மனுசி."

நான் கேட்டேன், "நல்ல மனுசி எண்டா எழும்பிப் போறாவாமோ?"

நான் போனை வைத்துவிட்டேன். நாலு மாதம் அவருடன் கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், அவர் 2005இல் சாகும்வரை கிழமைக்கு ஒருமுறை. ஆனால் அதைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

யாமினி, நான் அந்தப் பெண்ணை இருபது வருடமாக வெறுத்தேன். முகம் தெரியாமலே வெறுத்தேன். பிறகு உமது தபாலில் மார்கரேட்டா வந்தா. நான் அவவை எனக்குச் சொந்தம் என்று ஊருக்குச் சொன்னேன். 23ஆவது கடிதத்தில் அவ பாலும் ரொட்டியும் கொடுத்தபோது எனக்கு அப்பா குடித்த தேத்தண்ணி ஞாபகம் வந்தது. அடுத்த வரியில் மாடு பூட்டினார்கள். நான் மூடி வைத்துவிட்டேன். மறைத்தது அவவுக்காக இல்லை. எனக்காக. நான் விரும்பிய ஒருத்தியும் நான் வெறுத்த ஒருத்தியும் ஒரே ஆளாக இருக்கிறதை என்னால் தாங்க ஏலாமல் போய்விட்டது.

இப்போது எழுதியாயிற்று. டீக்மான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும். தபால் நனைக்கவில்லை, நான்தான் என்று சொல்லும். உம்மைப் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிக்கவும்.

அந்தப் பலா மரத்துப் பெண்ணின் பெயரை விசாரித்துப் பாரும். வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

அன்புடன்,
சுலோஜனா


ஹனோவர்
2 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

"உமது" திரும்பி வந்துவிட்டது. முதல் வரியிலேயே அதைத்தான் பார்த்தேன்.

போன சனிக்கிழமை உங்கள் படியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். முதலில் உண்மையைச் சொன்னேன், உங்கள் பொய்யையும் என் பொய்யையும் சேர்த்து. பிறகு காகிதத்தைக் கொடுத்தேன். திருமதி டீக்மான் சமையலறை மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், பெட்டியைத் திரும்பக் கேட்கப் போகிறார், கண்காட்சியும் போச்சு, வேலையும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்க வீட்டுல அவள ஒரு புனிதவதி மாதிரி பேசுவாங்க. மண்வீடு, வெட்டுக்கிளி, எதுக்கும் அசையாதவன்னு. யாரும் படிச்சதில்ல. படிக்காமலே பேசினோம்" என்றார். நான், "விருப்பமில்லன்னா இந்த ஒண்ண மட்டும் எடுத்துடலாம்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இத வைக்கலன்னா மத்த நாற்பதையும் வைக்க வேண்டாம். டோரிஸ் இத எரிச்சிருக்கலாம். எரிக்கல. ஆனா ஒரு கண்டிஷன். திறப்பு விழாவுல இத வாசிச்ச அம்மாவே வந்து சத்தமா வாசிக்கணும்."

முதல் பலகையின் தலைப்பு மாறிவிட்டது. இப்போது "யாருடைய புல்வெளி?" ஒக்லஹோமாவில் இருக்கும் பௌனி மக்களின் அலுவலகத்துக்குக் கடிதத்தின் நகலோடு எழுதியிருக்கிறேன், திருமதி டீக்மானே கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு தடவை மெயிலுக்கும் சம்மதித்தார். பதில் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளச்சி. இப்போதும் அங்கேதான் இருக்கிறாராம். டிசம்பரில் போகும்போது பார்க்கப் போகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியாது. மரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

வருவீர்களா அக்கா? ஹனோவர் ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

அன்புடன்,
யாமினி


எசன்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள யாமினி,

சுகமாக வந்து சேர்ந்தேன். உமது கான்ட்ராக்ட் இரண்டு வருடம் நீண்ட செய்தியை சியாமளா சொன்னா. ஜசிந்தாவிடம் சொல்லி இல்லத்தில் எல்லாருக்கும் கேக் வெட்டினோம். யார் யாமினி என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

நான் வாசித்ததை நீர் முன்வரிசையில் இருந்து பார்த்தீர். நீர் பார்க்காததை எழுதுகிறேன். நீர் பத்திரிகைக்காரரோடு நின்ற நேரம் ஒரு வயதானவர் தடி ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "அவளை வெறுக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, எனக்கு அவவில் விருப்பம், அதனால்தான் வாசிக்கக் கஷ்டப்பட்டது என்றேன். தன் தாய் 1945இல் போர் முடிவில், கிழக்கே இருந்த ஜெர்மன் ஊரில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவவாம். கடைசிவரை, "எங்கட அடுப்பில இப்ப ஆர் சமைக்கினம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாவாம். நாங்கள் இருவரும் கை கொடுத்தோம். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

நீர் ஹனோவர் திரும்பிய பிறகு டீக்மான் அம்மா என்னைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனா. சரியான குலுக்கல் கார். இரண்டு நாள் தங்கினேன். காலையில் அவவோடு கிழங்கு கிண்டினேன். எனக்கு முதுகு பிடித்தது, அவவுக்குப் பிடிக்கவில்லை. எழுபத்தொரு வயது.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டா, "உங்கட வீட்டுப் படம் இருக்கோ?" இல்லை என்றேன். ஓடி வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அவ லாச்சியைத் திறந்து பென்சிலும் ஒரு பெரிய தாளும் எடுத்து வைத்தா. "அப்ப கீறுங்கோ."

எனக்குப் படம் வராது என்றேன். விடவில்லை. நில அளவைக்காரர் மாதிரிக் கேள்வி. கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? எத்தனை அடி? வாசல் எந்தத் திசை? மாடு எங்கே கட்டினீர்கள்? எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, யாமினி. நாற்பது வருடத்தில் ஒரு அடிகூட மாறவில்லை. இரண்டு மணித்தியாலம் கீறினேன். அழிறப்பர் முடிந்துவிட்டது. வயலை முழுக்கக் கீறத் தாள் போதவில்லை, இன்னொரு தாளை ஒட்டித் தந்தா.

பிறகு கேட்டா, "இப்ப அங்க ஆர் இருக்கினம்?"

ஒரு பெண், பெயர் தெரியாது, அப்போது கைப்பிள்ளையோடு இருந்தவ என்றேன். சொல்லிக்கொண்டே கிணற்றடியில் ஒரு ஆளைக் கீறினேன். அது அப்பா, கதிரையில் உட்கார்ந்தபடி. வேட்டியும் குடையும். கையில் ஒரு கோப்பை கீறினேன். கோப்பை கொடுத்த கை யாருடையது என்று இருக்க வேண்டாமா? அதனால் பக்கத்தில் அவவையும் கீறினேன். முகம் எப்படி என்று தெரியாது, வெறுமையாக விட்டேன். இடுப்பில் பிள்ளை. பென்சிலை வைத்துவிட்டேன். நெஞ்சு லேசாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

டீக்மான் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து வடிவாகப் பார்த்தா. வீட்டைப் பார்த்தா, மாட்டைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா. பிறகு அந்தப் பெண்ணில் விரலை வைத்தா.

"பிள்ளையோட எவ்வளவு நேரம்தான் நிப்பா? அவவுக்கும் ஒரு கதிரை கீறுங்கோ" என்றா.

கீறினேன்.

அன்புடன்,
சுலோஜனா